சிங்கத்தின் வீட்டில் விருந்தாளி!



மிருகக்காட்சி சாலைக்கு நீங்கள் எல்லாரும் போயிருப்பீர்கள். அங்கே சிங்கம் கூண்டுக்குள் இருக்கும். நாம் வெளியே சுண்டல் கொறித்தபடி நடந்து கொண்டிருப்போம். இதை அப்படியே தலைகீழாகக் கற்பனை செய்து பாருங்கள். சிங்கம் தன் இஷ்டம் போல உலவுகிறது. நாம் ஒரு ஜீப்புக்குள் அடைபட்டு உட்கார்ந்திருக்கிறோம். கதவைத் திறக்கக் கூடாது. காலைக் கீழே வைக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. இப்படி 'கூண்டுக்குள்' உட்காருவதற்காகவே உலகம் முழுவதிலும் இருந்து மக்கள் பணம் செலவழித்து ஆப்பிரிக்கா போகிறார்கள். வேடிக்கையாக இல்லை?

இந்தப் பயணத்துக்குத்தான் சபாரி என்று பெயர். கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசப்படும் சுவாஹிலி மொழியில் சபாரி என்றால் பயணம் என்று பொருள். 'சஃபர்' என்ற அரபுச் சொல்லில் இருந்து அது பிறந்தது. இந்தியிலும் பயணத்துக்கு 'சஃபர்' என்று சொல்வது உண்டு.

வாருங்கள், இந்த வாரம் நாமும் ஜீப்பில் ஏறிக் கொள்வோம்!

வேலி இல்லாத புல்வெளி

முதலில் உலக வரைபடத்தை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் கென்யா இருக்கிறதா? அதற்குத் தெற்கே தான்சானியா. இரண்டு நாடுகளின் எல்லையில் ஒரு மாபெரும் புல்வெளி பரந்து கிடக்கிறது. தான்சானியா பக்கம் இருப்பது செரங்கெட்டி தேசியப் பூங்கா. கென்யா பக்கம் இருப்பது மசாய் மாரா காப்பகம்.

செரங்கெட்டியின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டை ஒன்பது பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அளவு! மசாய் மாரா அதைவிடச் சிறியது. சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. மனிதர்களுக்குத்தான் பாஸ்போர்ட், விசா எல்லாம். மிருகங்கள் தாராளமாகப் போய் வரும்.

அங்கே வாழும் மாடு மேய்க்கும் மக்களின் பெயர் மசாய். 'முடிவே இல்லாத சமவெளி' என்ற பொருள் தரும் அவர்கள் மொழிச் சொல்லில் இருந்து வந்ததுதான் செரங்கெட்டி என்ற பெயர். 1951-ல் இது தேசியப் பூங்கா ஆனது. 1981-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

துப்பாக்கி போய் கேமரா வந்தது!

நூறு வருடங்களுக்கு முன்பு சபாரி என்றாலே வேட்டைதான். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், 1909-ல் தன் மகன் கெர்மிட்டுடன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தார். அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிப்பதற்கான பயணம் அது. அப்பாவும் மகனும் சேர்ந்து சுட்ட விலங்குகள் மட்டும் 512!

சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், ஆப்பிரிக்க எருமை ஆகிய ஐந்தையும் 'பெரிய ஐந்து' என்று சபாரிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். உருவத்தில் பெரியவை என்பதால் வந்த பெயர் அல்ல இது. அப்படியானால் நீர்யானையும் ஒட்டகச்சிவிங்கியும் பட்டியலில் இருந்திருக்குமே! நடந்து போய் வேட்டையாட மிகவும் கடினமான, ஆபத்தான விலங்குகள் என்று வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல் அது.

1977-ல் கென்யா அரசு வேட்டையைத் தடை செய்தது. இப்போது அங்கே 'சுடுவது' எல்லாம் கேமராவால் மட்டும்தான்.

பெட்டி கட்டுவோமா?

கென்யா போய்விட்டு இந்தியா திரும்புகிறவர்கள், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் சில நாட்கள் தனியாகத் தங்க வைத்து விடுவார்கள். இந்த ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாட்கள் முன்பாகவாவது போட்டுக் கொள்ள வேண்டும்.

துணிகளில் நீலமும் கறுப்பும் வேண்டாம். அங்கே 'ட்செட்சி' என்ற கடிக்கும் ஈ உண்டு. அந்த ஈக்கு இந்த இரண்டு நிறங்களும் ரொம்பப் பிடிக்கும்! காக்கி, மண் நிறம், வெளிர்ப் பச்சை ஆகியவை நல்லது.

பிளாஸ்டிக் பை? கூடவே கூடாது. கென்யா 2017-லேயே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டது. 2020 ஜூன் முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பாட்டில், ஸ்டிரா எதற்குமே அனுமதி இல்லை.

விடியற்காலை ஆறு மணி

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்; வெயில் பொசுக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கு முதன் முறையாகப் போகிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விடியற்காலையில் பல் கிட்டுகிறது! அந்தப் புல்வெளி கடல் மட்டத்தில் இருந்து வெகு உயரத்தில் இருப்பதே காரணம். அதனால் ஸ்வெட்டர் போட்டு, போர்வையையும் போர்த்திக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறார்கள்.

ஜீப்பின் கூரையை மேலே தூக்கி வைக்கலாம். எழுந்து நின்றால் நாலா பக்கமும் தெரியும். வண்டி ஓட்டுபவரே வழிகாட்டியாகவும் இருப்பார். அவருடைய கண்கள் இருக்கிறதே... அப்பப்பா! நமக்கு வெறும் புல்லாகத் தெரியும் இடத்தில், அவருக்குச் சிங்கத்தின் காது நுனி தெரியும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்? மந்திரம் ஒன்றும் இல்லை, கவனம்தான். வானத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிட்டுக் கீழே இறங்கினால், அங்கே ஏதோ இரை கிடக்கிறது என்று அர்த்தம். நாலைந்து ஒட்டகச்சிவிங்கிகள் மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே திசையைப் பார்த்தால், அந்தப் பக்கம் சிங்கமோ சிறுத்தையோ இருக்கலாம். ஈர மண்ணில் காலடித் தடம் புதிதா பழையதா என்றும் பார்ப்பார். வகுப்பில் பாடப் புத்தகத்தை நீங்கள் படிப்பது போல அவர் காட்டைப் படிக்கிறார்.

அவர் வாயில் இருந்து வரும் சில சொற்களைக் கற்றுக் கொள்ளுங்கள். 'சிம்பா' என்றால் சிங்கம். 'தெம்போ' யானை. 'த்விகா' ஒட்டகச்சிவிங்கி. 'கிபோக்கோ' நீர்யானை. வரிக்குதிரைக்கு என்ன பெயர் தெரியுமா? 'புண்டா மிலியா'. அதாவது, கோடு போட்ட கழுதை! எல்லாவற்றையும் விட முக்கியமான சொல் 'போலே போலே'. மெல்ல, மெல்ல என்று பொருள். அவசரப்படுகிறவருக்குக் காடு எதையும் காட்டாது.

தூங்கும் ராஜா

"சிம்பா!" என்று வழிகாட்டி மெதுவாகச் சொல்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். மர நிழலில் ஏழெட்டுச் சிங்கங்கள். ஒன்று கொட்டாவி விடுகிறது. இன்னொன்று நாலு காலையும் மேலே தூக்கிப் போட்டுத் தூங்குகிறது. அவ்வளவுதான்!

டி.வி.யில் ஒரு மணி நேரத்துக்குள் பத்து வேட்டைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை ஓய்வெடுக்கும் விலங்கு. டி.வி. படம் எடுப்பவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்ததைத்தான் நாம் ஒரு மணி நேரத்தில் பார்க்கிறோம்.

சரி, இவ்வளவு அருகில் நிற்கிறோமே, சிங்கம் ஏன் பாய்வதில்லை? வழிகாட்டிகள் சொல்லும் விளக்கம் இது. சிங்கத்தின் கண்ணுக்கு ஜீப்பும் அதில் இருப்பவர்களும் சேர்ந்து ஒரே பெரிய உருவம். தின்னக் கூடியதும் இல்லை. தொல்லை தருவதும் இல்லை. அதனால் சட்டை செய்வதில்லை. ஆனால், யாராவது கீழே இறங்கினாலோ, வெளியே எட்டிக் கையை ஆட்டிக் கூச்சல் போட்டாலோ, அங்கே மனிதன் இருக்கிறான் என்பது தெரிந்துவிடும். பிறகு சிங்கம் ஓடலாம், பாயவும் செய்யலாம். 'இறங்காதே' என்ற விதி இதனால்தான் வந்தது.

பதின்மூன்று லட்சம் யாத்ரீகர்கள்

இந்தப் புல்வெளியின் உண்மையான பயணிகள் நாம் அல்ல, வில்டபீஸ்ட்கள்! மாடு போன்ற கொம்பு, ஆடு போன்ற தாடி, குதிரை போன்ற வால். ஆனால், இது இரலை மான் வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 13 லட்சம் வில்டபீஸ்ட்கள், மழையையும் புதுப் புல்லையும் தேடி வருடம் முழுவதும் வட்டமாக நடந்து கொண்டே இருக்கின்றன. கூடவே லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் கெசல் மான்களும்.

பிப்ரவரி வாக்கில் அவை தெற்குச் செரங்கெட்டியில் குட்டி போடும். குட்டி பிறந்த சில நிமிடங்களில் எழுந்து நின்று, தாயோடு ஓடவும் தொடங்கிவிடும். ஓடாவிட்டால் கழுதைப்புலிக்கு விருந்து! ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றைக் கடக்கும். அந்தக் காட்சிக்காகவே பயணிகள் ஆற்றங்கரையில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள்.

மந்தை கரைக்கு வரும், தண்ணீரைப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். மறுபடி வரும், மறுபடி திரும்பும். சில நாட்கள் காலை முதல் மாலை வரை காத்திருந்தும் ஒன்றுகூட இறங்காது. திடீரென்று ஒன்று குதிக்கும். அவ்வளவுதான்! பின்னாலேயே நூறு, ஆயிரம், பல்லாயிரம் என்று புழுதி பறக்கக் குதித்து நீந்தும். ஆற்றில் முதலைகள் வாயைத் திறந்து காத்திருக்கும்.

முதலையை விடப் பெரிய ஆபத்து எது தெரியுமா? வெள்ளமும் நெரிசலும்தான். கூட்டம் கூட்டமாக மூழ்கியே வருடத்துக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்கள் மாரா ஆற்றில் இறப்பதாக 2017-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அந்த உடல்களும் வீணாவதில்லை. கழுகு, முதலை, மீன் எல்லாவற்றுக்கும் அவை உணவு. எலும்புகள் பல வருடங்களுக்கு மெல்லக் கரைந்து ஆற்றுக்கு உரமாகின்றன.

இன்னொரு செய்தி. 1958-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ஹார்டு கிரிசிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் வரிக்குதிரை போலக் கோடு தீட்டிய குட்டி விமானத்தில் பறந்து இங்குள்ள மிருகங்களை எண்ணினார்கள். அப்போது வில்டபீஸ்ட்கள் சுமார் ஒரு லட்சம்தான் அவர்கள் கணக்குக்குக் கிடைத்தன. 1959 ஜனவரியில் விமானத்தில் ஒரு கழுகு மோதியதில் மைக்கேல் இறந்து போனார். அந்தக் காலத்தில், மாடுகளிடம் இருந்து பரவும் வெக்கை நோய் வில்டபீஸ்ட் குட்டிகளைக் கொன்று கொண்டிருந்தது. சுற்றிலும் உள்ள ஊர் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். மாடு பிழைத்தது; கூடவே வில்டபீஸ்ட்டும் பிழைத்தது! 1970-களின் முடிவில் அவை 13 லட்சத்தை எட்டிவிட்டன. 2011-ல் உலகத்தை விட்டே அந்த நோய் ஒழிந்தது.

சிவிங்கியின் கணக்கு

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு.

சிவிங்கிப்புலியைத் தெரியும் அல்லவா? சிறுத்தையோடு குழப்பிக் கொள்ளாதீர்கள். சிவிங்கிக்குக் கண்ணில் இருந்து வாய் வரை கண்ணீர் வழிந்தது போலக் கறுப்புக் கோடு இருக்கும். ஒட்டகம் போன்ற உயரம், சிவிங்கி போன்ற புள்ளிகள். அதனால்தான் 'ஒட்டகச்சிவிங்கி' என்று நம் தமிழில் பெயர் வந்தது! இந்தியாவில் சிவிங்கிகள் அழிந்து விட்டதாக 1952-ல் அறிவிக்கப்பட்டது. 2022-ல் நமீபியாவில் இருந்தும், 2023-ல் தென் ஆப்பிரிக்காவில் இருந்தும் கொண்டு வந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டார்கள்.

தரையில் ஓடும் விலங்குகளில் இதுவே வேகமானது. ஆனால், பாவம், பலம் குறைவு. சிங்கமும் கழுதைப்புலியும் இதன் இரையைப் பிடுங்கிக் கொள்ளும், குட்டிகளையும் கொன்றுவிடும். அவை பெரும்பாலும் இரவில் திரிவதால் சிவிங்கி பகலில் வேட்டையாடுகிறது. பகலில்தானே பயணிகளும் வருகிறார்கள்? அங்கேதான் சிக்கல்.

புல்வெளியில் ஒரு தாய்ச் சிவிங்கி. கூடவே மூன்று குட்டிகள். ஒரு ஜீப் நிற்கிறது. "டுமா! டுமா!" என்று ரேடியோவில் செய்தி போகிறது. டுமா என்றால் சிவிங்கி. பத்து ஜீப் வருகிறது, இருபது ஆகிறது. தாய் மானைக் குறி வைத்துப் பதுங்குகிறது. குறுக்கே ஒரு வண்டி போகிறது. மான் ஓடிவிடுகிறது. வேட்டை போச்சு!

ஃபெம்கே ப்ரோகுயிஸ் என்ற ஆய்வாளர், மசாய் மாராப் பகுதியில் சிவிங்கித் தாய்களைப் பல வருடங்கள் கவனித்து, 2018-ல் ஒரு கணக்கை வெளியிட்டார். பயணிகள் குறைவாக வரும் இடங்களில், ஓர் ஈற்றுக் குட்டிகளில் சராசரியாக 2.3 குட்டிகள் வளர்ந்து பெரிதாகின்றன. பயணிகள் அதிகம் வரும் இடங்களில்? 0.2 மட்டுமே!

புள்ளி வைத்த எண் புரியவில்லையா? இப்படிப் பாருங்கள். அமைதியான இடத்தில் பத்துத் தாய்கள் குட்டி போட்டால், 23 குட்டிகள் வளர்ந்து ஆளாகும். ஜீப்புகள் மொய்க்கும் இடத்தில் பத்துத் தாய்கள் குட்டி போட்டால், ஆளாவது இரண்டே இரண்டு.

அந்தக் குட்டிகளை யாரும் சுடவில்லை. யாரும் கல் எறியவில்லை. எல்லாரும் ஆசையாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான். வேட்டை கெட்டுப்போய்த் தாய் பட்டினி கிடப்பதும், வண்டிகளுக்குப் பயந்து குட்டிகள் தாயைப் பிரிந்துவிடுவதும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

போகவே கூடாதா?

"அப்படியானால் யாருமே போகக் கூடாது என்று சட்டம் போட்டு விடலாமே!" என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால், அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது.

மசாய் மாராவைச் சுற்றி மசாய் குடும்பங்களுக்குச் சொந்தமான நிலங்கள் இருக்கின்றன. அந்த நிலத்தில் வேலி போட்டுவிட்டால் மிருகங்களுக்கு வழி அடைபடும். 2000-களின் நடுவில் இருந்து ஓர் ஏற்பாடு நடக்கிறது. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து, தங்கள் நிலத்தைக் காப்பிடமாக விடுகிறார்கள். சபாரி விடுதிக்காரர்கள் அதற்கு வாடகை தருகிறார்கள். அந்த வாடகையில் குடும்பம் நடக்கிறது; பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நிலத்தில் சிங்கமும் உலவுகிறது. இத்தனை விடுதி, இத்தனை வண்டி என்று அங்கே அளவும் உண்டு.

அந்த வாடகைப் பணம் எங்கிருந்து வருகிறது? பயணிகளிடம் இருந்துதான். 2020-ல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது, பயணிகள் வரவில்லை. அந்தக் குடும்பங்களின் வருமானமும் ஆட்டம் கண்டது. ஆக, ஒருவருமே வராவிட்டாலும் ஆபத்து. ஒரே இடத்தில் எல்லாரும் மொய்த்தாலும் ஆபத்து. சாப்பாட்டுக்கு உப்பு எப்படியோ அப்படி!

நல்ல விருந்தாளியின் விதிகள்

மசாய் மாராவில் இருக்கும் சில விதிகளைக் கேளுங்கள்.

* ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது.

* குறைந்தது 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

* பின்னால் வேறு வண்டிகள் காத்திருந்தால், பத்து நிமிடத்தில் இடத்தை விட்டுக் கொடுக்க வேண்டும்.

* அனுமதிக்கப்பட்ட இடம் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

* வேட்டையின் குறுக்கே போகக் கூடாது. சத்தம் கூடாது. தீனி போடக் கூடாது.

விதி இருந்தால் போதுமா? 2025 ஜூலையில், செரங்கெட்டியில் மாரா ஆற்றங்கரையில் பயணிகள் பலர் வண்டியை விட்டு இறங்கினார்கள். ஆற்றைக் கடக்க வந்த வில்டபீஸ்ட் மந்தையின் வழியிலேயே போய் நின்றார்கள். எதற்கு? நல்ல படம் எடுப்பதற்கு! மிரண்ட மந்தை தடுமாறிய காட்சி வீடியோவாகி உலகமெங்கும் பரவியது. பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். பூங்கா நிர்வாகமும் நடவடிக்கையில் இறங்கியது.

விதியை மீறுவது சில நேரம் பயணிகளின் வற்புறுத்தலால்தான். "இன்னும் கொஞ்சம் கிட்டே போங்க" என்று பணம் கொடுத்தவர் நச்சரித்தால், வழிகாட்டி தர்ம சங்கடத்தில் மாட்டிக் கொள்வார். மறுத்தால் இனாம் கிடைக்காது. ஒப்புக் கொண்டால் அபராதம். ஆகவே, குழந்தைகளே, வழிகாட்டியின் கையில் மட்டும் இல்லை இது. ஜீப்பில் உட்கார்ந்திருப்பவர் வாயிலும் இருக்கிறது.

என்றாவது ஒரு நாள் உங்களில் சிலர் நிச்சயம் அங்கே போவீர்கள். புல்வெளியில் ஒரு தாய்ச் சிவிங்கி தலையைத் தூக்கிப் பார்க்கும். பின்னால் மூன்று குட்டிகள் பறவை போலக் கீச்சிடும். ஐந்து ஜீப்புகள் ஏற்கெனவே நிற்கும். உங்கள் வழிகாட்டி திரும்பி, "என்ன செய்யலாம்?" என்பது போல உங்களைப் பார்ப்பார்.

அந்த நேரத்தில், 23 என்ற எண்ணையும் 2 என்ற எண்ணையும் நினைத்துக் கொள்ளுங்கள். "வேறு பக்கம் போகலாம், அண்ணா" என்று சொல்லுங்கள். அன்று உங்கள் கேமராவில் சிவிங்கி படம் இருக்காது. ஆனால், அதற்கு வேட்டை கிடைக்கும்; குட்டிகளுக்குச் சாப்பாடு கிடைக்கும்.